சுவரெல்லாம் அவர் படம்



நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது செய்த ஒரு குறும்பைச் சொல்லட்டுமா? பொங்கலுக்கு வெள்ளையடித்திருந்த ஒரு வீட்டுச் சுவரில் அடுப்புக்கரியால் யானை வரைந்தேன். தும்பிக்கையை முடிப்பதற்குள் அந்த வீட்டுப் பாட்டி வந்துவிட்டார். காதைப் பிடித்துத் திருகினார். பிறகு கொஞ்ச நேரம் யானையையே பார்த்தார். வால் எங்கேடா என்று கேட்டார்! வாலையும் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு ஓடினேன். அடுத்த பொங்கல் வரை அந்த யானை அங்கேயே நின்றது.

வெறும் சுவரைக் கண்டால் நம் கை சும்மா இருக்காது. இது இன்றைக்கு வந்த பழக்கம் இல்லை. விழுப்புரம் மாவட்டத்தில் கீழ்வாலை என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஆதிகால மனிதர்கள் பாறையில் செந்நிறத்தில் வரைந்த ஓவியங்களை இன்றும் பார்க்கலாம். வரைந்தவர் பெயர் யாருக்கும் தெரியாது.

இப்போது என்னோடு கோவில்பட்டிக்கு வாருங்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள ஊர். கடலைமிட்டாய்க்குப் பெயர் பெற்ற ஊர் என்றால் உடனே உங்களுக்குத் தெரிந்துவிடும்! அந்தக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஊரைச் சுற்றிக் கரிசல் காடு. மண் கன்னங்கரேல் என்று இருக்கும். மழை பெய்தால் காலில் அப்பிக்கொண்டு விடாது. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து இவைதான் விளைச்சல். சித்திரை வெயிலில் நின்று பார்த்தால் கறுப்பு மண், வெளுத்த வானம், நடுவே நாலைந்து உடைமரம். கண்ணுக்குக் குளிர்ச்சியாக வேறு ஒன்றும் தெரியாது.

அப்படிப்பட்ட ஊருக்குள் நுழைந்தால் சுவரெல்லாம் வண்ணம்! கட்சிச் சின்னம், சிமெண்ட் விளம்பரம், வேட்டி விளம்பரம், சலூன் கதவில் ஒரு நடிகர் முகம். தேர்தல் வரும் முன்பே சுவரைப் பிடித்துவைக்க, கட்சிக்காரர்கள் பெயரெழுதி ஆண்டு போட்டு வைப்பதும் உண்டு. பஸ்ஸில் இடம் பிடிக்கத் துண்டு போடுகிறோமே, அதைப் போல!

சரி, டீக்கடைக்குள் தலையை நீட்டுங்கள். உள்சுவரில் ஒரு காலண்டர். அதில் மயில் மேல் முருகன். பக்கத்து மளிகைக் கடையில் தாமரை மேல் லட்சுமி. எதிர் வீட்டுத் திண்ணையில் கண்ணாடி போட்ட பழைய மீனாட்சி கல்யாணப் படம். இப்படிப்பட்ட படங்களை ஊர் ஊராக, வீடு வீடாகச் சுவரில் ஏற்றிய ஒருவர் இந்தக் கோவில்பட்டியில்தான் வாழ்ந்தார். அவர் பெயர் சி.கொண்டையராஜு.

சாமியாராகப் போனவர்

கொண்டையராஜு பிறந்தது 1898-ல், சென்னை மயிலாப்பூரில். சென்னையில் அப்போதே பெரிய ஓவியப் பள்ளி ஒன்று இருந்தது. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. மருத்துவருக்கு ஓவியப் பள்ளி எதற்கு என்று கேட்கிறீர்களா? அவருக்குக் கைத்தொழில்களில் அவ்வளவு ஆசை! அதுவே பிற்பாடு அரசு கவின்கலைக் கல்லூரி ஆயிற்று. இன்றும் எழும்பூரில் இருக்கிறது.

கொண்டையராஜு அங்கே சேர்ந்து படித்தார். மேல்நாட்டு முறை ஓவியப் பயிற்சி அது. வெளிச்சம் ஒரு பக்கம் விழுந்தால் நிழல் எந்தப் பக்கம் விழும்? தூரத்தில் உள்ள தூண் எவ்வளவு சிறிதாகத் தெரியும்? பட்டுத் துணி எப்படி மடியும், கதர்த் துணி எப்படி மடியும்? இதையெல்லாம் பார்த்துப் பார்த்து வரையவேண்டும்.

படித்து முடித்தவர் என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? ஏதாவது பள்ளியில் டிராயிங் மாஸ்டர் ஆகியிருக்கலாம். ஜமீன்தார்களுக்கும் துரைமார்களுக்கும் உருவப்படம் எழுதிச் சம்பாதித்திருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. திருவண்ணாமலைக்குப் போய்விட்டார். அங்கே ரமண மகரிஷி இருந்தார். அவரை நாடிப் பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டிருந்த காலம். உலக வாழ்க்கையே வேண்டாம் என்று நினைத்து கொண்டையராஜுவும் அங்கே போய் இருந்தார்.

ஆனால் வரையத் தெரிந்த கை அவரை விடவில்லை. மலையை விட்டு இறங்கி மறுபடியும் தூரிகையைப் பிடித்தார். அதற்காகத் துறவை அடியோடு விட்டுவிடவும் இல்லை. கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தனக்கென்று சொத்து சேர்க்கவும் இல்லை. சாமியாராகவும் ஓவியராகவும் ஒரே சமயத்தில் வாழ்ந்தவர் என்று சொன்னால் உங்களுக்குப் புரியும்.

மூங்கிலில் சுருட்டிய அரண்மனை

அடுத்து அவர் போய்ச் சேர்ந்தது நாடகக் கம்பெனியில்! நடிக்க அல்ல, சீன் வரைய.

டி.வி. இல்லை, செல்போன் இல்லை, பல ஊர்களில் மின்சாரமே இல்லை. நாடகக் கம்பெனி ஊருக்கு வந்து கொட்டகை போட்டால் அதுதான் திருவிழா. மேடைக்குப் பின்னால் பெரிய துணி தொங்கும். படுதா என்று சொல்வார்கள். தர்பார் காட்சிக்கு ஒரு படுதா. நந்தவனத்துக்கு ஒன்று. காட்டுக்கு, தெருவுக்கு, சிறைச்சாலைக்குத் தனித்தனி. மேலேயும் கீழேயும் மூங்கில் வைத்துச் சுருட்டியிருப்பார்கள். கயிற்றை இழுத்தால் அரண்மனை சுருண்டு மேலே போகும். காடு இறங்கி வரும்!

நோட்டுப் புத்தகத்தில் வரைவது போல இதை வரைய முடியாது. ஒரு படுதா ஒரு வீட்டுச் சுவர் அளவு இருக்கும். முதலில் சின்னத் தாளில் படம் போட்டுக்கொள்வார்கள். அதன்மேல் கட்டம் கட்டமாகக் கோடு கிழிப்பார்கள். துணியிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள் போடுவார்கள். சின்னக் கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதைப் பெரிய கட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். சுவரில் பெரிய படம் எழுதுகிறவர்கள் இன்றும் இந்த முறையைக் கையாளுகிறார்கள். நீங்களும் செய்து பாருங்களேன். தீப்பெட்டிப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு சார்ட் தாளில் முயன்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போவதே தெரியாது. சுவரில் வேண்டாம். எல்லாப் பாட்டிகளும் வால் எங்கே என்று கேட்கமாட்டார்கள்!

நாடகம் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் மணல்தரையில் உட்கார்ந்திருப்பார்கள். அதிலும் கடைசி வரிசைக்காரருக்கு மேடை எவ்வளவு தூரம்! வெளிச்சமும் குறைவு. அவருக்கும் படம் தெரியவேண்டும். அதனால் கோடு அழுத்தமாக இருக்கவேண்டும், வண்ணம் பளிச்சென்று இருக்கவேண்டும், ராஜா நடு மேடையில் நேராக நம்மைப் பார்த்து நிற்கவேண்டும். ஓவியப் பள்ளியில் சொல்லித் தராத இந்தப் பாடத்தைக் கொண்டையராஜு கொட்டகையில் கற்றார். பிற்காலத்தில் அவர் வரைந்த சாமி படங்களைப் பாருங்கள். பின்னால் திரையும் தூணும் இருக்கும். சாமி மேடையில் நிற்பது போல நம்மை நேராகப் பார்த்து நிற்கும். எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

1931-ல் தமிழில் பேசும் படம் வந்தது. ஜனங்கள் சினிமாக் கொட்டகைப் பக்கம் திரும்பினார்கள். 1939-ல் இரண்டாம் உலகப் போர் வேறு தொடங்கிவிட்டது. நாடகக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. கொண்டையராஜு இருந்த கம்பெனியும் கலைந்தது. எங்கே தெரியுமா? கோவில்பட்டியில்! 1940-களின் தொடக்கம் அது.

கம்பெனி கலைந்தால் மற்றவர்கள் ரயிலேறிச் சொந்த ஊருக்குப் போவார்கள். நம் ஓவியருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வீடு இல்லை, குடும்பம் இல்லை. அவரோடு இருந்தவர்கள் அவரிடம் தொழில் கற்ற இளைஞர்கள்தான். அவர்களோடு கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். தேவி ஆர்ட் ஸ்டூடியோ என்று ஒரு கூடம் உருவாயிற்று.

இது இப்போதைய ஸ்டூடியோ போல என்று நினைத்துவிடாதீர்கள். வயிற்றுப்பாட்டுக்கு எந்த வேலை வந்தாலும் செய்தாகவேண்டும். கடைக்குப் பெயர்ப்பலகையா? எழுதுவார்கள். இறந்துபோன தாத்தாவின் உருவப்படமா? வரைவார்கள். அந்தக் காலத்தில் போட்டோ எடுக்கப் போனால் பின்னால் மாடிப்படியும் பூந்தோட்டமும் வரைந்த துணி தொங்கும். கறுப்பு வெள்ளைப் போட்டோவில் அது நிஜ மாளிகை போலவே தெரியும். அந்தத் துணியையும் வரைவார்கள். சம்சாரியும் அவர் மனைவியும் புதுத்துணி உடுத்திக்கொண்டு வந்து அந்த மாளிகை முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, மறுபடியும் கரிசல் காட்டுக்குக் களை வெட்டப் போவார்கள்.

சாமி படம் வீட்டுக்கு வந்த கதை

இனி ஒரு சின்னச் சுற்று. தீப்பெட்டியிலிருந்து தொடங்கவேண்டும்.

கோவில்பட்டியிலிருந்து சிவகாசி பக்கம்தான். அதுவும் வானம் பார்த்த பூமி. விவசாயத்தை நம்பிப் பிழைக்க முடியாது. 1922-ல் அந்த ஊர் இளைஞர்கள் இருவர், அய்ய நாடாரும் சண்முக நாடாரும், கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். 1923-ல் தொழில் தொடங்கியது. மழை குறைவான ஊரில் தீக்குச்சி சீக்கிரம் காயும் அல்லவா? எந்த வெயில் பயிரைக் கருக்கியதோ அதே வெயில் தீப்பெட்டிக்குத் துணையாயிற்று!

தீப்பெட்டி என்றால் மேலே ஒட்ட லேபிள் வேண்டும். பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். அதனால் சிவகாசியில் அச்சகங்கள் வந்தன. லேபிள் அச்சடித்த எந்திரம் காலண்டரும் அச்சடித்தது. காலண்டருக்குப் படம் வேண்டும். நல்ல ஓவியர் எங்கே? இதோ பக்கத்து ஊரில் இருக்கிறாரே!

இப்படித்தான் கொண்டையராஜுவின் படங்கள் சிவகாசிக்குப் போயின.

அவருக்கு முன்னால் இந்த வழியில் போனவர் கேரளத்து ராஜா ரவிவர்மா. அரண்மனைகளுக்கு எண்ணெய் ஓவியம் வரைந்தவர் அவர். சாதாரண ஜனங்களும் தம் படங்களைப் பார்க்கட்டும் என்று 1894-ல் பம்பாயில் அச்சகம் வைத்தார். அப்போது கல்லில்தான் படம் அச்சிடுவார்கள். ஆமாம், கல்லில்! வழவழப்பான சுண்ணாம்புக் கல்மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படம் வரைவார்கள். பிறகு கல்லை நீரால் நனைப்பார்கள். அதன்மேல் மையை உருட்டினால் எண்ணெய் உள்ள இடத்தில் மட்டும் மை ஒட்டும். நீர் உள்ள இடத்தில் ஒட்டாது. எண்ணெயும் தண்ணீரும் சேராதே! ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. ஒரே தாளில் மாறி மாறி அச்சிட்டால் முழுப் படம். ஒரு கல் இம்மி நகர்ந்தாலும் லட்சுமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் விழும்! இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியில் வாழ்ந்த செனஃபெல்டர். பிற்காலத்தில் கல் போய் உலோகத் தகடு வந்தது. தத்துவம் அதேதான்.

கொண்டையராஜுவின் படங்களில் மிகவும் பெயர்பெற்றது மீனாட்சி கல்யாணம். உங்கள் தாத்தா, பாட்டி வீட்டில் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அண்ணனாக நின்று திருமால் தாரை வார்த்துக் கொடுக்கிறார். நாணத்தோடு நிற்கும் மீனாட்சியின் கையைச் சிவபெருமான் பற்றுகிறார். மதுரைக் கோயில் கல்தூணில் இருக்கும் அதே காட்சிதான். ஆனால் கல்லில் பட்டுச் சேலையின் நிறம் தெரியுமா? மாலையில் எது ரோஜா, எது மல்லிகை என்று தெரியுமா? படத்தில் தெரிந்தது.

இன்னொன்று கஜேந்திர மோட்சம். தாமரைக் குளத்தில் முதலை யானையின் காலைக் கவ்வியிருக்கிறது. யானை தும்பிக்கையில் தாமரையைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. வானத்தில் கருடன் மேல் திருமால் வருகிறார். நான் கரியால் வரைந்த யானை இந்தப் படத்தைப் பார்த்து வரைந்ததுதான் என்று இப்போது உங்களிடம் ஒத்துக்கொள்கிறேன்.

காலண்டர்தானே, இதில் என்ன பெரிய விஷயம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். மீனாட்சி கல்யாணத்தை மதுரைக்குப் போய்ப் பார்க்கலாமே என்று இன்று சொல்லிவிடுகிறோம். முன்பு எல்லோரும் அப்படிப் போய்விட முடியாது. பிறந்த சாதியைச் சொல்லி எத்தனையோ பேரைக் கோயில் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். மீனாட்சி கோயிலில் அந்தக் கொடுமை உடைந்தது 1939 ஜூலை 8-ம் தேதிதான். மதுரை வைத்தியநாத ஐயர் தடுக்கப்பட்டிருந்த சிலரை அழைத்துக்கொண்டு உள்ளே போனார். சென்னை மாகாணம் முழுவதற்கும் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1947-ல்.

அதற்கு அடுத்த சில ஆண்டுகளில் கொண்டையராஜுவின் மீனாட்சி ஊர் ஊராகப் புறப்பட்டாள். சுவர் யாருடையது என்று அவள் கேட்கவில்லை. ஓட்டு வீட்டிலும் ஓலைக் குடிசையிலும் ஒரே மீனாட்சி, ஒரே பட்டுச் சேலை. காலண்டருக்குக் காசு கிடையாது. வாடிக்கையாக வாங்கும் கடையில் தை மாதம் சும்மா தருவார்கள். வருஷம் முடிந்ததும் தேதித்தாள் அட்டை குப்பைக்குப் போகும். படத்தை மட்டும் கண்ணாடி போட்டு மாட்டிக்கொள்வார்கள். பொட்டு வைப்பார்கள், பூ வைப்பார்கள். மண் சுவரே கருவறை ஆகிவிடும். கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட ஒருவர் தம் வீட்டுச் சுவரில் மீனாட்சியை முகத்துக்கு நேராகப் பார்க்கும்போது எப்படி இருந்திருக்கும்? நான் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

மூலையில் ஒரு பெயர்

கோவில்பட்டியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் கழுகுமலை இருக்கிறது. அங்கே வெட்டுவான்கோயிலை நீங்கள் சுற்றுலாவில் பார்த்திருக்கலாம். பாண்டியர் காலத்தில் மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்த கோயில். அதே மலையில் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கியிருக்கிறார்கள். உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் பெயர்கள் உண்டு. அந்த உருவத்தைச் செய்யச் சொன்னவர்களின் பெயர்கள் அவை. உளி பிடித்தவரைத் தேடினால் கிடைக்கமாட்டார்.

காலண்டரும் அப்படித்தான்! படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் ஜவுளிக்கடைப் பெயர், போன் நம்பர், உரிமையாளர் பெயர். வரைந்தவர் பெயர் படத்தின் மூலையில் எறும்பு போல ஊர்ந்துகொண்டிருக்கும்.

அந்த எறும்பை உற்றுப் பார்த்தால் ஓர் அதிசயம் தெரியும். சில படங்களில் இரண்டு கையெழுத்துகள் இருக்கும். ஒன்று கொண்டையராஜு. மற்றது அவருடைய மாணவர் பெயர். டி.எஸ்.சுப்பையா, மு.ராமலிங்கம், டி.எஸ்.அருணாசலம், ஜி.செண்பகராமன், எஸ்.மீனாட்சிசுந்தரம் எல்லாரும் அவரிடம் பயின்றவர்கள். பின்னாளில் ஒவ்வொருவரும் காலண்டர் உலகில் பெரிய பெயர் எடுத்தார்கள். குருவின் பெயர் மட்டும் இருந்தால் விலை அதிகம் கிடைக்கும். ஆனாலும் உடன் வேலை செய்த பையனின் பெயரையும் அவர் தன் பெயருக்குப் பக்கத்தில் இடம்பெறச் செய்தார். நான் முப்பது வருஷத்துக்கு மேல் வாத்தியார் வேலை பார்த்தவன். மாணவர் செய்ததை மாணவர் பெயரிலேயே காட்டுவதற்குப் பெரிய மனசு வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

பணம் வந்ததா என்றால், படத்துக்கு ஒரு தடவை கூலி, அவ்வளவுதான். அச்சகம் அதை எத்தனை லட்சம் பிரதி போட்டாலும் வரைந்தவருக்கு மறுபடி காசு தருவது அந்தத் தொழிலில் வழக்கம் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். ஏஜெண்டுகள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கடைக்காரர்களிடம் காட்டி ஆர்டர் பிடிப்பார்கள். எந்தச் சாமி, எத்தனை பிரதி என்று கேட்பார்களே தவிர, யார் வரைந்தது என்று கேட்பவர் குறைவு.

கோவில்பட்டியில் வந்து தங்கிய பிறகு கொண்டையராஜு அந்த ஊரை விட்டுப் போகவில்லை. மாணவர்களின் குடும்பமே அவர் குடும்பம். அவர் 1976-ல் மறைந்தார். பிற்பாடு கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் இங்லிஸ் என்ற ஆய்வாளர் அவருடைய வாழ்வையும் படங்களையும் ஆராய்ந்து கட்டுரை எழுதினார். நம் ஊர்ச் சுவரில் தொங்கியதை உலகத்துக்குச் சொல்லக் கனடாவிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது!

2000-க்குப் பிறகு பிளக்ஸ் பேனர் வந்தது. கம்ப்யூட்டரில் தட்டினால் ஒரு மணி நேரத்தில் ஆள் உயரப் படம் வந்துவிடுகிறது. ஏணி மேல் நின்று பிரஷ் பிடித்த எத்தனையோ பெயிண்டர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். ஆனால் சுவர் மறுபடியும் அழைக்கிறது. 2020-ல் சென்னைக் கண்ணகி நகரில் அடுக்குமாடி வீட்டுச் சுவர்களில் வெளிநாட்டு ஓவியர்களும் நம்மவர்களும் சேர்ந்து பிரம்மாண்டமான ஓவியங்கள் எழுதினார்கள். நகரத்தின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஏழைகள் வாழும் குடியிருப்பு அது. சுற்றிப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். உங்கள் ஊரிலும் பள்ளிச் சுவரிலோ ரயில் நிலையத்திலோ இப்படி ஏதாவது இருக்கும். தேடிப் பாருங்கள். கண்டுபிடித்தால் ஒரு மூலையில் குனிந்தும் பாருங்கள்.

ஏன் குனியச் சொல்கிறேன் தெரியுமா? எங்கள் வீட்டிலும் ஒரு மீனாட்சி கல்யாணம் இருந்தது. என் அப்பா காலண்டரிலிருந்து எடுத்துக் கண்ணாடி போடக் கொடுத்தது. கடையில் சட்டத்துக்குப் பொருந்தவேண்டும் என்று படத்தின் அடிப்பக்கத்தைக் கத்தரித்துவிட்டார்கள். ஜவுளிக்கடைப் பெயரோடு மூலையில் இருந்த கையெழுத்தும் போய்விட்டது. நாற்பது வருஷம் தினமும் விளக்கேற்றிக் கும்பிட்டோம். வரைந்தவர் யார் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவர் கோவில்பட்டிக்காரர் என்பதும், நாங்கள் சந்தைக்குப் போகிற ஊரிலேயே இருந்தார் என்பதும் தெரியாது. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போன இடத்தில், கத்தரிக்காத அதே படத்தைப் பார்த்தேன். பந்திக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எழுத்துக்கூட்டி அந்தப் பெயரைப் படித்துக்கொண்டு நின்றேன்.